உயிர் வந்த வழி – 17: தலை முளைத்த கதை

சென்ற இதழில் ஜெல்லிமீனோடு நிறுத்தியிருந்தோம். வலையில் சிக்கினால் மீனவர்கள் 'சொறி' என்று உதறித் தள்ளும் இந்தப் பிராணிக்கு உடம்பெங்கும் நரம்பு உண்டு. மூளை என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் கிடையாது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படித்தான் காலம் தள்ளுகிறது. சரி, ஒரு பேச்சுக்கு அதற்கும் ஒரு மூளையைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? அதன் குடைக்கு மேல் உண்டு, கீழ் உண்டு. முன், பின் கிடையாது. இரை எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து மோதலாம், எதிரியும் அப்படியே. ஒரு பக்கத்தில் வைத்தால் மற்ற மூன்று பக்கங்களுக்கும் அது தூரம்.

கரீபியக் கடலோர அலையாத்திக் காடுகளில் வாழும் ஒரு பெட்டி ஜெல்லிமீன் இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்துவைத்திருக்கிறது. டிரிபெடாலியா என்று பெயர். விரல் நகம் அளவுதான் இருக்கும். குடையின் ஓரத்தில் நான்கு பக்கமும் நான்கு குமிழ்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு கண்கள், கூடவே சுமார் 1,000 நரம்புச் செல்கள். ஆக மொத்தம் 24 கண்கள். 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் கார்ம் குழுவினர் இதை ஒரு வட்டத் தொட்டியில் விட்டு, சுவரில் அலையாத்தி வேர்போலத் தெரியும் கோடுகளைத் தீட்டிப் பார்த்தார்கள். முதலில் போய்ப் போய் முட்டியது. ஏழெட்டு நிமிடங்களில் முட்டல் பாதியாகக் குறைந்தது. கோடு கண்ணில் பட்டதும் திரும்பிக்கொள்ளக் கற்றுவிட்டது. மூளை இல்லாததும் பாடம் படிக்கும் என்று செய்தித்தாள்கள் வியந்தன. இந்தத் தொடருக்கு வேண்டிய சேதி வேறு. பாடம் படித்த நரம்புச் செல்கள் கண்களை ஒட்டியே இருந்தன. கண் நான்கு பக்கம் என்றால் மூளைக்கு நிகரானதும் நான்கு பக்கம்.

தலை வேண்டுமென்றால் முதலில் முன்பக்கம் வேண்டும்.

அந்த முன்பக்கத்தைத் தேடித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 1946-இல் அங்குள்ள எடியகாரா குன்றுகளுக்கு ரெஜினால்ட் ஸ்ப்ரிக் என்ற இளம் புவியியலாளர் அரசு வேலையாக வந்தார். கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களை மறுபடி தோண்டினால் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பதுதான் வேலை. பார்க்க வந்தது ஒன்று, பார்த்தது ஒன்று. பாறைப் பலகைகளின்மேல் ஜெல்லிமீனை வைத்து அழுத்தியதுபோல அச்சுகள் கிடந்தன. அவ்வளவு பழைய பாறையில் விலங்கு இருக்க முடியாது என்பது அன்றைய பாடம் என்பதால், துறையின் பெரிய மனிதர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. 2004-இல் புவி வரலாற்றின் ஒரு காலகட்டத்துக்கே அந்தக் குன்றின் பெயரைச் சூட்டினார்கள். அக்காலத்து உயிர்களில் பெரும்பாலானவை இலை, தட்டு, மெத்தை என்று கிடக்கின்றன. எது வாய், எது வால் என்று கேட்டால் இன்றும் ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்தப் பிரதேசத்துப் பாறைகளில் இன்னொன்றும் இருந்தது: மணலுக்குள் எதுவோ நெளிந்து போன தடங்கள். தடம் இருக்கிறது, ஆளைக் காணோம். ஸ்காட் எவன்ஸ், மேரி டிரோசர் ஆகியோரின் குழு லேசர் ஸ்கேனரை வைத்துப் பாறையின் மேற்பரப்பை அளந்தபோது, தடங்களுக்குப் பக்கத்தில் அரிசி அளவிலான நீள்வட்டப் பள்ளங்கள் தெரிந்தன. நீளம் 2 முதல் 7 மில்லிமீட்டர். ஒரு முனை மற்றதைவிடச் சற்றே அகலம். வயது சுமார் 55.5 கோடி ஆண்டுகள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அட்ன்யாமதன்ஹா மக்களின் மொழியிலிருந்து பெயரெடுத்து 'இகாரியா' என்று 2020-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

பார்க்க ஒன்றுமில்லாத ஜீவன்தான். தடத்தைப் படித்தால்தான் அதன் பவிசு தெரியும். மண்புழுவைப் போலத் தசையைச் சுருக்கி நீட்டி நகர்ந்ததற்கான குறுக்கு வரிகள் தடத்தில் இருக்கின்றன. ஆக்ஸிஜனும் மக்கிய பொருளும் உள்ள மெல்லிய மணல் படலங்களாகப் பார்த்து நுழைந்திருக்கிறது. ஏதோ ஒரு விதத்தில் முகர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு முனை முன்னால் போகிறது, மறுமுனை பின்னால் வருகிறது.

இந்தப் பேதம் வந்த பிறகு உடம்பின் எல்லா இடமும் சமம் இல்லை. முன் முனைதான் புது இடத்துக்குள் முதலில் நுழைகிறது. உணவோ ஆபத்தோ முதலில் படுவது அதன்மேல்தான். உணரும் செல்கள் வாலில் இருந்தால், நச்சு நீருக்குள் முழு உடம்பும் போன பிறகுதான் சேதி கிடைக்கும். முன்னால் நாலு செல் கூடுதலாக வைத்துப் பிறந்தவை அதிகம் பிழைத்தன, அதிகம் பெருகின. ஒளியை உணர்பவை, வேதிப்பொருளை உணர்பவை, தொடுகையை உணர்பவை என்று ஒவ்வொன்றாக அங்கே வந்து குவிந்தன. இத்தனை வகைச் சேதியும் ஓரிடத்தில் வந்து விழும்போது, அவற்றை ஒப்பிட்டு முன்னேறுவதா பின்வாங்குவதா என்று முடிவெடுக்கும் செல்களும் அதே இடத்தில் பருத்தன. விலங்கியலில் தலையாக்கம் என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு வாதம் உண்டு. முன்பக்கம் வாய் இருப்பதால்தான் எல்லாம் அங்கே வந்தன, தலை என்பதே வாய்க்காகத்தான் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான விலங்குகளுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஓடையில் கல்லைப் புரட்டினால் அகப்படும் பிளனேரியா என்ற தட்டைப்புழு இந்த வாதத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. அதன் வாய் வயிற்றின் நடுவில். அங்கிருந்து ஒரு குழலை வெளியே நீட்டி இரையை உறிஞ்சுகிறது. கண்களும் மூளையும் மட்டும் முன் முனையில்தான். அதைக் குறுக்கே வெட்டினால் பின் துண்டு இன்னொரு மூளையை வளர்த்துக்கொள்கிறது, அதுவும் வெட்டுப்பட்ட முன் ஓரத்தில். வாய் நடுவில் இருக்கட்டும், வாலில் இருக்கட்டும், எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம்தான் தலை. போகும் திசை முதலில், வாயெல்லாம் பிறகு என்பதே இந்தத் தொடரின் கட்சி.

வாய்க்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இறால் சுத்தம் செய்கிறவர்கள் முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை உருவி எடுப்பார்கள். சிலர் அதை நரம்பு என்பார்கள்; அது குடல். உண்மையான நரம்பு வடம் எதிர்ப்பக்கம், வயிற்றோரமாக, வெளுத்த மெல்லிய இழையாக ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே தலைப்பக்கம் போனால், ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, உணவுக்குழாயின் இரு பக்கமும் ஏறி, கண்களுக்குப் பின்னால் மூளையில் போய்ச் சேர்கிறது. அதாவது, இறால் விழுங்கும் ஒவ்வொரு வாயும் ஒரு நரம்பு வளையத்துக்குள் புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது. கரப்பான், வெட்டுக்கிளி, எறும்பு எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். சிலந்திக்கு நரம்புத் திரள் உணவுக்குழாயை இன்னும் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிறது; அது இரையை வெளியிலேயே கரைத்து நீராக உறிஞ்சுகிறது. ஆக்டோபஸுக்கு மூளையே வளையம், நடுவில் உணவுக்குழாய். அதனால் கிளியலகு போன்ற வாயால் கடித்து, பல் வைத்த நாக்கால் அராவி, பொடிப் பொடியாக்கித்தான் விழுங்குகிறது.

மூளைக்கு நடுவே சாப்பாட்டுக் குழாயை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் போடமாட்டார். ஆதியில் வாயைச் சுற்றி ஒரு சின்ன நரம்பு வளையமாகத் தொடங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அங்கேயே பருத்தது என்று கொண்டால்தான் இது புரியும்.

இறாலுக்கு நரம்பு வடம் வயிற்றுப்பக்கம், நமக்கு முதுகுப்பக்கம். இந்த முரண் ஒருவரைத் தூங்கவிடவில்லை. பாரிஸில் இருந்த எத்தியேன் ஜெஃப்ராய் செய்ன்ட் இலேர் 1822-இல் ஒரு லாப்ஸ்டரை மல்லாக்கப் போட்டுப் படம் வரைந்து வெளியிட்டார். புரட்டிப் போட்டால் நரம்பு மேலே, அதற்குக் கீழே குடல், அதற்கும் கீழே இதயம்: அப்படியே முதுகெலும்பியின் அடுக்கு. எல்லா விலங்கும் ஒரே திட்டம்தான் என்றார். அவருடைய பழைய நண்பர் ஜார்ஜ் குவியே இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார். 1830-இல் அறிவியல் கழகத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்து அரசர் நாட்டைவிட்டு ஓடினார். ஜெர்மனியில் முதுமையில் இருந்த கவிஞர் கதேயைப் பார்க்கப் போன நண்பர் ஃப்ரெடெரிக் சொரே, அவர் பரபரப்போடு பேசியதைக் கேட்டுப் புரட்சியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எண்ணினாராம். கதே பேசியது ஜெஃப்ராய்–குவியே சண்டையைப் பற்றி.

அன்றைக்கு வென்றது குவியே என்றுதான் பலரும் எழுதிவைத்தார்கள். 1990-களில் கணக்கு மாறியது. பழ ஈயின் கருவில் 'நரம்பு இங்கே வரட்டும்' என்று வயிற்றுப்பக்கத்தைக் குறிக்கும் மரபணுவும், தவளைக் கருவில் முதுகுப்பக்கத்தைக் குறிக்கும் மரபணுவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. ஜெஃப்ராயின் மல்லாந்த லாப்ஸ்டர் எழுந்து உட்கார்ந்தது.

அதே காலத்தில் தலைக்கென்றே உள்ள மரபணுக்களும் அகப்பட்டன. பழ ஈயில் ஆர்த்தோடென்டிகிள் என்ற மரபணு கெட்டுப்போனால் மூளையின் முன்பகுதி உருவாவதில்லை. எலியில் அதற்கு உறவான ஆடெக்ஸ்-2 மரபணுவை 1995-இல் நீக்கிப் பார்த்தபோது, முன்மூளையும் நடுமூளையும் இல்லாத கருக்கள் உருவாகி, பிறக்கும் முன்பே அழிந்தன. 1998-இல் அடுத்த படிக்குப் போனார்கள். சொந்த மரபணு கெட்ட ஈக்கு மனிதனின் மரபணுவைக் கொடுத்தார்கள். ஈயின் மூளையில் விடுபட்டிருந்த பகுதி திரும்ப உருவானது. ஈயும் மனிதனும் பிரிந்தது இகாரியா காலத்திலோ அதற்கும் முன்போதான். இதை வைத்து அந்தப் பொது மூதாதைக்கு முழு மூளையே இருந்தது என்று சாதித்துவிட முடியாது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. 'இதுதான் முன்பக்கம்' என்ற உத்தரவு மட்டும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

மூளை மிருதுவான சதை, கல்லாவதற்குள் அழுகிவிடும், ஆகவே புதைபடிவத்தில் பார்க்கவே முடியாது என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஹோ ஷியான்குவாங் 1984-இல் கண்டெடுத்த செங்ஜியாங் படிவுகள் அந்த நம்பிக்கையை அசைத்தன. அங்கே கிடைத்த ஃபுஷியான்ஹுயா என்ற கணுக்காலியின் தலைக்குள் மூன்று பகுதிகள் கொண்ட மூளையின் கறை தெரிகிறது என்று நிக்கலஸ் ஸ்ட்ராஸ்ஃபெல்ட் உள்ளிட்டோர் 2012-இல் அறிவித்தார்கள். மூளையாவது, அது நுண்ணுயிர்ப் படலம் என்று மறுத்தவர்களும் உண்டு. ஒரே இனத்தின் பல மாதிரிகளில் அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டி இவர்கள் பதில் சொன்னார்கள். மூளை என்றே கொண்டால், சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய பூச்சித் தலையின் சாயல் தயாராக இருந்திருக்கிறது.

கண்ணும் மூக்கும் முன்னால் இருப்பது சரி. மூளை ஏன் அவற்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்? பத்திரமாக நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்துகொண்டு, நீண்ட நரம்பு வழியாகச் சேதி வாங்கிக்கொள்ளக் கூடாதா? வீட்டுக்கு வயரிங் செய்த எவருக்கும் இதற்குப் பாதி விடை தெரியும். எந்தப் பக்கம் பாயின்ட் அதிகமோ அந்தப் பக்கம்தான் போர்டை வைப்பார்கள். இல்லாவிட்டால் வயர் வாங்கிக் கட்டுப்படியாகாது.

நரம்பு இலவசமில்லை. அதை வளர்க்க வேண்டும், ஓயாமல் ஆற்றல் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், அது அடைக்கும் இடத்தைத் தர வேண்டும். அது அப்படியொன்றும் வேகமும் இல்லை. நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று யோஹன்னஸ் மியூல்லர் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு தவளைக் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மின்னல் வேகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றம். கொழுப்பு உறையில்லாத மெல்லிய நரம்பில் சேதி இன்னும் மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில்தான் போகும். இகாரியா போன்ற அரிசிப் புழுவுக்கு இந்தத் தாமதம் பெரிதல்ல. உடல் நீண்ட பிறகுதான் அது உயிர்ப் பிரச்சினை. குட்டிப் பிராணிகளின் கவலை நேரம் அல்ல, நரம்பின் நீளம்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் செர்னியாக், அடிப்படையில் தத்துவக்காரர், 1990-களில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். எடுத்துக்கொண்டது ஸீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு. அதற்கு 302 நரம்புச் செல்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற முழு வரைபடத்தை ஜான் வைட், சிட்னி பிரென்னர் குழுவினர் 1986-இலேயே வெளியிட்டிருந்தார்கள். அதன் நரம்பு முடிச்சுகள் பதினொன்றையும் உடலின் நீளத்தில் எப்படியெல்லாம் மாற்றி அடுக்கலாம்? ஏறத்தாழ 4 கோடி வழிகள். அத்தனையையும் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, மொத்த நரம்பு நீளம் மிகக் குறைவாக வந்தது எந்த அடுக்கில் என்றால், புழுவில் இப்போது இருக்கும் அதே அடுக்கில். மூளை ஏன் தலையில் என்ற கேள்விக்கும் அவர் சொன்ன விடை இதுதான்: முன்னால் போகும் இணைப்புகள் அதிகம், அதனால் முன்னால் நகர்ந்தால் செலவு குறைவு. முடிச்சுகளை விட்டுவிட்டுத் தனித்தனிச் செல் அளவில் பார்த்தால் சில இடங்களில் நரம்பு வீணாகத்தான் ஓடுகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சிக்கனம் மட்டுமே சட்டமில்லை போலும்.

மனிதக் கண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் உறைக்கிறது. ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம். காதிலிருந்து போவது 30,000 அளவில்தான். மூளை வயிற்றில் இருந்தால் இரண்டு கண்ணுக்குமாக 20 லட்சம் இழைகள் கழுத்தைத் தாண்டி இறங்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் அவை முறுக்கிக்கொள்ள வேண்டும். இப்போது ஐந்து சென்டிமீட்டர் போனால் போதும். கருவில் விழித்திரை வளர்வதைப் பார்த்தால் வேறொன்றும் விளங்கும்: அது மூளையிலிருந்தே கிளைத்து வெளியே வருகிறது. கண் மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட, மூளையின் ஒரு துண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது என்பதே பொருத்தம்.

போகும் திசைதான் தலையை உண்டாக்கியது என்றால், போவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கடலில் இதற்குச் சாட்சிகள் ஏராளம்.

பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சுவதே தொழிலாகக் கொண்ட அசிடியன் என்ற பிராணியின் குஞ்சு, தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். வாலாட்டி நீந்தும்; ஒளியையும் எது மேல் எது கீழ் என்பதையும் உணரும்; சின்ன மூளையும் உண்டு. பிடித்த பாறை கிடைத்ததும் தலைப்பக்கத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு வால் கரையும், கண்புள்ளி கரையும், குஞ்சுப் பருவ மூளையில் பெரும்பகுதியும் கரைந்து உடம்புக்குள்ளேயே செரித்துவிடும். மிஞ்சுவது வடிகட்டும் வேலைக்குப் போதுமான ஒரு நரம்பு முடிச்சு. நிரந்தர உத்தியோகம் கிடைத்த பேராசிரியர்களையும் இதையும் சேர்த்துக் கேலி பேசுவது மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் பழைய நகைச்சுவை.

மட்டி, சிப்பி வகைகள் இன்னொரு சாட்சி. இவை நத்தைக்கும் ஆக்டோபஸுக்கும் பங்காளிகள். முன்னோர்களுக்குத் தலை இருந்தது. இரண்டு ஓட்டுக்குள் புகுந்துகொண்டு சேற்றில் அமர்ந்தபின் தலை போயிற்று. நரம்பு முடிச்சுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. விசிறிச் சிப்பிக்கு 200 கண்கள்வரை உண்டு, எல்லாம் ஓட்டின் விளிம்பில் வரிசையாக. அதற்கு உலகம் அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது.

நட்சத்திர மீனின் கதை விசித்திரம். குஞ்சுப் பருவத்தில் நம்மைப்போல இடது, வலது உள்ள உடல்; வளர்ந்தபின் ஐந்து கை, எந்தக் கை முன்னால் போனாலும் சரி. மூளை கிடையாது, வாயைச் சுற்றி நரம்பு வளையம், கைக்கொரு நரம்பு, கை நுனியில் கண். உடம்பு தொலைந்து கைகள் மட்டும் மிஞ்சியதோ என்று பார்க்கத் தோன்றும். லாரன்ட் ஃபோர்மெரி குழுவினர் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று தேடி 2023-இல் சொன்ன விடை நேர் எதிர். மற்ற விலங்குகளில் தலையை வரையும் மரபணுக்கள் இதன் உடல் முழுக்க வேலை செய்கின்றன; நடுவுடலை வரையும் மரபணுக்களுக்குத்தான் மேற்புறத்தில் வேலையே இல்லை. தலையைத் தொலைத்த பிராணி என்று நினைத்திருந்தது, தலை மட்டுமே மிஞ்சிய பிராணியாக இருக்கிறது.

முதுகெலும்பிகளின் பக்கம் வருவோம். மணலில் புதைந்து வாழும் ஆம்ஃபியாக்ஸஸ் நமக்குத் தூரத்துச் சொந்தம். ஐந்து சென்டிமீட்டர் நீளம், இருமுனையும் கூர்மை. சீனாவின் ஷியாமென் கரையோரத்தில் ஒரு காலத்தில் இதை டன் கணக்கில் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். முதுகு நரம்பு இருக்கிறது. அதன் முன் முனை லேசாக மாறியிருக்கிறது. முகம் என்று எதுவும் இல்லை. இதற்கும் மீனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கார்ல் கான்ஸும் கிளென் நார்த்கட்டும் 1983-இல் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார்கள். மீனின் தலை பழைய தலையின் பெரிய பதிப்பு அல்ல. முற்றிலும் புதிதாகச் சேர்த்துக் கட்டியது. கட்டியவை நரம்பு முகட்டுச் செல்கள். 1868-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் இவற்றை முதன்முதலில் கவனித்தார். முதுகு நரம்பின் ஓரத்தில் பிறந்து, கூட்டமாகப் பெயர்ந்து போய், தாடை எலும்பு, பல்லின் உட்பொருள், முகத்தின் குருத்தெலும்பு, முக நரம்புகளின் பெரும்பகுதி என்று ஆகின்றன. சும்மா உட்கார்ந்து வடிகட்டித் தின்ற வம்சம் துரத்திப் பிடிக்கத் தொடங்கியபோது இந்தத் தலை தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம். விவரங்களில் திருத்தம் வந்திருக்கிறது, சட்டகம் நிற்கிறது. செங்ஜியாங்கில் கிடைத்த ஹைகோயிக்திஸ், மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான மீன், சுமார் 51.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் புதுத் தலையோடு நீந்தியது.

மீனுக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். உடல் கிடைமட்டம், இதயம் தலைக்குப் பின்னாலேயே, எல்லாம் கையெட்டும் தூரம். பிறகு கழுத்து வந்தது, இதயம் கீழே இறங்கியது, மனிதன் நிமிர்ந்து நின்றான். மூளை இடம் மாறவில்லை. இருக்கும் இடங்களிலேயே உயரமான, விழுந்தால் முதலில் அடிபடும் இடத்தில், புவியீர்ப்பை எதிர்த்து ரத்தம் ஏற்ற வேண்டிய இடத்தில் 1.4 கிலோ எடையோடு அது அமர்ந்திருக்கிறது. உடலின் ஓய்வுநேர ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்தக் கழுத்துக்கு மேல் மூளையை வைத்ததற்கான வாடகை அது.

அதே கழுத்தில் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. குரல்வளையை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து புறப்பட்டு, குரல்வளையைத் தாண்டி நேரே நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தை ஒட்டிய பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து வழியே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. சில அங்குலத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஒட்டகச்சிவிங்கியில் நான்கு மீட்டருக்கு மேல் நரம்பு. மீனில் அது செவுளுக்குப் போகும் நேர்வழி. இதயம் இறங்கியபோது தமனியில் மாட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிட்டது.

இந்த நரம்பு வரலாற்றிலும் ஒருமுறை மேடையேறியிருக்கிறது. குரல் நெஞ்சிலிருந்து வருகிறது, பேச்சு சிந்தனையின் வெளிப்பாடு, ஆகவே அறிவின் இருப்பிடம் நெஞ்சு என்று கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவவாதி கிரிஸிப்பஸ் வாதிட்டிருந்தார். நெஞ்சைத் தொட்டுச் சொல் என்கிற நமக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரிலிருந்து ரோமுக்கு வந்த மருத்துவர் கேலன், பிரமுகர்கள் கூடிய சபையில் ஒரு பன்றியைக் கட்டிக் கிடத்தினார். அது வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது இந்த நரம்பைத் துண்டித்தார். பன்றி தொடர்ந்து திமிறியது, மூச்சு விட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. குரலுக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது என்று சபைக்கு நிரூபணமாயிற்று. அந்த உத்தரவு நெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதையும் கேலன் அறிந்திருந்தார். ஏன் அப்படி என்பதற்கு மீனைக் கேட்க வேண்டும் என்பது தெரிய இன்னும் 1,700 ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்தான். ஆனால் எல்லா வேலையும் சிரசில் நடக்கவில்லை. ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்புச் செல்களில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் இருக்கிறது. அதன் கைகள் தொடுவதோடு சுவைக்கவும் செய்கின்றன; உணர்வுச் செல்கள் கைகளில் குவிந்ததால் நரம்புச் செல்களும் அங்கே போயின. ஜெல்லிமீனின் நான்கு குமிழ்களில் பார்த்த அதே விதிதான்.

தலை போன பிறகும் உடம்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு சேவல் சாட்சி. 1945 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், ஃப்ரூட்டா என்ற ஊரில் ஒரு பண்ணைக்காரர் சமையலுக்காகச் சேவலின் தலையை வெட்டினார். கோடரி சற்று மேலே விழுந்துவிட்டது. பெருமூளை போயிற்று, மூளைத்தண்டில் பெரும்பகுதியும் ஒரு காதும் தப்பின. சேவல் எழுந்து நடந்தது, கம்பில் ஏறி நின்றது, இல்லாத அலகால் இறகு கோதப் பார்த்தது. மைக் என்று பெயர் வைத்து, சொட்டு மருந்துக் குழலால் உணவுக்குழாயில் பாலும் தண்ணீரும் விட்டு, ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நடையின் தாளத்தைத் தண்டுவடமே போட்டுக்கொள்ளும். மூச்சையும் இதயத் துடிப்பையும் மூளைத்தண்டு கவனிக்கும். இந்த இரண்டும் இருந்ததால் மைக் 18 மாதம் வாழ்ந்து, 1947 மார்ச்சில் தொண்டை அடைத்துச் செத்தது.

ஹைகோயிக்திஸுக்குத் தலை இருந்தது, தாடை இல்லை. கடிக்க முடியாத தலையை வைத்துக்கொண்டு மீன்கள் எட்டுக் கோடி ஆண்டுகள் போல என்ன செய்தன, தாடை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)